பேசாமல் பார்த்த பேரல்

அந்தக் கோட்டை மூன்றாவது முறையாகப் பிரித்துத் தைக்கச் சொன்னபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. குறி பார்த்துச் சுடுகிறவர்கள் போடுகிற கோட்டு அது. கித்தானும் தோலும் சேர்த்துத் தைத்தது. மேஜை மேல் வைத்தால் உள்ளே ஆள் இல்லாமலே நிமிர்ந்து நிற்கும். ஒரு தையலைப் பிரிப்பதற்குள் நகம் பிய்ந்துவிடும். தோளில் இறுக்கம் என்று ஒரு தரம், முழங்கையில் தொளதொளப்பு என்று ஒரு தரம், இப்போது மறுபடியும் தோள்.

"உன் தோளு என்ன நிலாவா? வாரத்துக்கு வாரம் வளந்து தேயுது?" என்றேன்.

தங்கச்சி சிரிக்கவில்லை. ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிக் கொடுக்கிற வாய் அது. அன்றைக்கு என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, பேக்கரி மாவு காய்ந்து ஒட்டியிருந்த விரல்களைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"டெய்லரக்கா, எங்கயோ தப்பு இருக்கு. எங்கன்னுதான் புரியல. கோட்டுல இருந்தா நல்லாருக்குமேன்னு பாக்குறேன்."

"கோட்டுல இல்லன்னா?"

"என்கிட்டதான் இருக்கணும்."

அவளைத் தெரு முழுக்கத் தங்கச்சி என்றுதான் கூப்பிடும். அவள் அண்ணன் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எல்லாருக்கும் ஒட்டிக்கொண்டது. முப்பத்தைந்து வயதுப் பெண். விடியுமுன் பேக்கரியில் மாவு பிசையப் போவாள். மத்தியானத்துக்கு மேல் ஊருக்கு வெளியே சுடும் மைதானத்தில் வயிறு தரையில் பட நீட்டிப் படுத்துக் கிடப்பாள். நாட்டு அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி அந்த ஞாயிற்றுக்கிழமை. நான்கு பேர் எடுப்பார்கள். போன தடவை ஐந்தாவதாக வந்தவள் இவள். ஐந்தாவதாக வருவதைப் போல் எரிச்சல் உலகத்தில் வேறு எதுவும் இல்லை என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவையும் விட்டால் அவ்வளவுதான், அடுத்த ஆள் எடுப்பு மூன்று வருஷம் கழித்து. அதற்குள் பேக்கரி மாவு தோளைத் தின்றுவிடும் என்று அவளுக்கே தெரியும்.

அண்ணனின் பட்டறை என் கடைக்கு நேர் எதிரே. துப்பாக்கிக்கு பேரல் செய்கிறவர் அவர். வெளியூரிலிருந்தெல்லாம் உரிமச் சீட்டோடு தேடி வருவார்கள். முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் வீடு. நடுவில் ஒரு கதவு. அதை யாரும் மூடிப் பார்த்ததில்லை. அதனால் சாப்பாட்டில் மெருகெண்ணெய் வாசனையும், பட்டறையில் வதக்கின வெங்காய வாசனையும் இருக்கும். என் தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்தால் அந்த வீட்டின் பாதி வாழ்க்கை எனக்குத் தெரியும். மீதியை அவர்களே வந்து சொல்லிவிடுவார்கள்.

பேரலுக்கு உள்ளே என்ன இருக்கிறது, ஒரு இரும்புக் குழாய்தானே என்று நானும் ஒரு காலத்தில் கேட்டேன். அண்ணன் என்னை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பாடம் எடுத்துவிட்டார். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். போட்டியில் எல்லாருக்கும் ஒரே தோட்டாவைத்தான் கொடுப்பார்கள். நமக்குப் பிடித்ததைக் கொண்டுபோக முடியாது. அந்தத் தோட்டாவின் குண்டு மற்றதைவிட ஒரு மயிரிழை மெலிசு. சாதாரண அளவுத் துளையில் அது போனால் பெரியவன் சட்டையைச் சின்னவன் போட்ட மாதிரி உள்ளே ஆடும். அதனால் இவர் துளையையும் உள்ளே சுருண்டு ஓடுகிற பள்ளங்களையும் ஒரு மயிரிழை இறுக்கமாகவே வெட்டுவார். இறுக்கம் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரே மாதிரி இருக்க வேண்டும். வித்தியாசம் இருந்தே தீரும் என்றால், குண்டு வெளியேறுகிற முனையில் கூடுதல் இறுக்கம் இருக்கலாம். இளக்கம் மட்டும் இருக்கவே கூடாது. குண்டைக் கடைசியாகத் தொட்டு அனுப்புகிற இடம் அதுதான். அங்கே பிடி விட்டுப்போனால் கிளம்பும்போதே தலையை ஆட்டிக்கொண்டு கிளம்பும். கிட்டத்தில் தெரியாது. தூரம் போகப் போக விரியும்.

துளையை வெட்டின பிறகு ஈயக்கட்டியில் மெருகுப்பசை தடவி, கம்பியில் மாட்டி, உள்ளே இழுத்து இழுத்துத் தேய்ப்பார்கள். கட்டி திரும்புகிற இடம் என்பதால் சில சமயம் இரண்டு முனையும் கொஞ்சம் அதிகமாகத் தேய்ந்துவிடும். அதற்காகவே நீளத்தில் நாலைந்து விரல் கூட வைத்திருப்பார்கள். தேய்ந்த பாகத்தை வெட்டித் தள்ள வேண்டும். எதுவரை தேய்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

அதைச் சொல்வது அண்ணி.

பேரல் பார்ப்பது என்பார்கள் அதை. பேரலை மேஜையில் இறுக்கிக் கட்டி, புது ஈயக்கட்டியைக் கம்பியில் வைத்து, அண்ணி கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகத் தள்ளுவாள். பட்டறையில் லேத் நின்றுவிடும். அண்ணன் கையில் சாக்பீஸோடு பக்கத்தில் நடப்பார். இறுக்கம் மாறுகிற இடத்தில் மட்டும் அண்ணி வாயைத் திறப்பாள். "இறுக்கம்" என்பாள், இல்லை "இளக்கம்" என்பாள். அந்த இடத்தில் அவர் வெளியே ஒரு கோடு போடுவார். மாறவில்லை என்றால் அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். முழுப் பேரலும் சத்தமே இல்லாமல் போய்விட்டால் அன்றைக்கு அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டும், குழந்தை பிறந்த மாதிரி இருக்கும்.

இப்படி இருந்த வீட்டில்தான் இரண்டு மாதத்துக்கு முன் தங்கச்சி அந்த வார்த்தையை விட்டாள். வெளியூரிலிருந்து வந்த பெரிய துப்பாக்கி வீரர் ஒருவர், பேரல் எப்படி இவ்வளவு சீராக வருகிறது என்று கேட்டிருக்கிறார். இவள் பெருமையோடு, "எல்லாம் எங்க அண்ணன் கைதான் சார்" என்றிருக்கிறாள். அவர் அண்ணியைக் காட்டி, "இவங்க?" என்று கேட்க, "அண்ணி கம்பி தள்ளுவாங்க, அவ்ளோதான்" என்றுவிட்டாள்.

அவ்ளோதான். அந்த ஒரு சொல்லோடு அண்ணி வாயை மூடிக்கொண்டாள்.

சண்டை போட்டிருந்தால் ஒரு வேளை சாப்பாட்டோடு முடிந்திருக்கும். அண்ணி சண்டை போடுகிற ரகம் இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற ரகம். ஒரே மேஜையில் உட்கார்ந்துகொண்டு, "முட்ட ஆறுதுன்னு சொல்லுங்க அவகிட்ட" என்று புருஷனிடம் சொல்வாள். அவர் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கும் தங்கச்சியிடம், "முட்ட ஆறுதாம்" என்பார். தங்கச்சியும் லேசுப்பட்டவளா? "எனக்குக் காது கேக்கும்னு சொல்லு அண்ணா" என்பாள். நான் எல்லாம் கேட்டுச் சிரித்திருக்கிறேன். போட்டிக்கான புது பேரலை அண்ணன் தங்கச்சிக்காக வெட்டி முடித்தது இந்தக் கூத்துக்கு நடுவில்தான்.

போட்டிக்கு நான்கு நாள் முன்னால் கோட்டு எப்படி உட்காருகிறது என்று பார்க்க நானும் மைதானத்துக்குப் போனேன். மழை இல்லாத பருவம். காய்ந்த புல்லை எல்லாம் ஒரே பக்கம் சாய்த்துக்கொண்டு காற்று அடித்தது. குறிப்பலகையிலிருந்து மூன்று தூரத்தில் தரையில் கோடு போட்டிருக்கும். கிட்டத்துக் கோட்டிலிருந்து தங்கச்சி சுட்டது எல்லாம் நடுவில். துப்பாக்கிச் சங்கத்துக் கேப்டன் தொலைநோக்கியில் பார்த்துத் தலையை ஆட்டினார். அடுத்த கோடும் பரவாயில்லை. கடைசிக் கோட்டுக்குப் பின்னால் வந்ததும் எல்லாம் கெட்டது.

அங்கிருந்து பார்த்தால் குறிப்பலகை தபால்தலை மாதிரித் தெரியும். ஒவ்வொரு வெடிக்கும் பலகை கீழே இறங்கும். பலகைக்கு அடியில் குழியில் இருக்கிறவர்கள் குண்டு பட்ட இடத்தில் ஒரு வெள்ளை வட்டைச் செருகி மறுபடி மேலே ஏற்றுவார்கள். ஒன்று மேலே, ஒன்று இடது ஓரம், ஒன்று கீழே. கூலிக்கு ஆள் வைத்து இறைத்த மாதிரி இருந்தது.

"காத்தப் படிக்க மாட்டேங்குற" என்றார் கேப்டன்.

"காத்து பக்கவாட்டுலதான சார் தள்ளும்? மேலயும் கீழயும் ஏன் போகுது?"

"அப்ப மூச்சு. மூச்ச விடுறதுல தப்பு பண்ற."

தங்கச்சி அடுத்த தோட்டாவைப் போட்டாள். மூச்சை மாற்றிச் சுட்டாள். கன்னத்தை வைக்கிற இடத்தை மாற்றிச் சுட்டாள். கடைசியில் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, கவிழ்ந்து படுத்தபடியே நெற்றியைப் புல்லில் வைத்துக்கொண்டாள். கோட்டுக்குள் முதுகு குலுங்கியது. நான் தைத்த கோட்டு என்பதால் எனக்குத் தெரிந்தது; மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது.

மறுநாளிலிருந்து அவள் டீயை நிறுத்தினாள். கை நடுங்குகிறதாம். பேக்கரியில் லீவு சொன்னாள். தோள் களைக்கிறதாம். மூன்றாவது நாள் காலையில் என்னிடம் வந்து, "கோட்ட மெதுவாத் தைங்கக்கா, அவசரம் இல்ல. கேப்டன்கிட்ட பேர எடுத்துடச் சொல்லப் போறேன்" என்றாள். நான் மெஷினை நிறுத்தினேன்.

"பைத்தியமா உனக்கு? நாளைக்குப் போட்டி."

"எனக்கு வரலக்கா. வராதத வருதுன்னு எத்தன நாள் நெனச்சிக்கிட்டிருந்தேனோ தெரியல. அண்ணன் இந்த வருஷத்துலயே நல்ல பேரல எனக்குக் குடுத்திருக்கு. அதையும் வெச்சிக்கிட்டு இப்படி சுடுறேன்னா, நான் எதுக்கு?"

மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் அண்ணி வந்தாள். கையில் ஒரு தலையணை உறை. கிழியவே இல்லை, நானும் கேட்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து அந்த உறையை மடித்து மடித்துப் பிரித்தாள்.

"கோட்டுல ஏதாவது தப்பு இருந்துதாக்கா?"

"என் கோட்டுல தப்பா? மூணு தரம் பிரிச்சாச்சு. இனி பிரிக்கறதுக்கு என் தோலுதான் பாக்கி."

"அவ போட்டியிலேருந்து பேர எடுத்துடப் போறாளாம்."

"யாரு? நீ பேசாத ஆளா?" என்று குத்தினேன். எனக்கு அப்போது ஆத்திரம், யார் கிடைத்தாலும் குத்துகிற நிலை. "அந்தப் பொண்ணு தன்னத்தானே தின்னுக்கிட்டிருக்கு. டீ குடிக்கறதில்ல. தூங்கறதில்ல. நீ என்னடான்னா முட்ட ஆறுதுன்னு ஆள் விட்டுச் சொல்லிக்கிட்டிரு."

அண்ணியின் கண் நிரம்பிவிட்டது. அழுகிற ஆள் இல்லை அவள்.

"அக்கா, அந்தப் பேரல் முனையில இளக்கம்."

"என்ன?"

"கடைசி நாலு விரல்ல ஈயம் வழுக்கிக்கிட்டுப் போச்சுக்கா. கைக்கு நல்லாத் தெரிஞ்சுது. சொல்ல வாய் வந்துது. யாரு பேரல் இதுன்னு ஒரு நெனப்பு வந்துது பாருங்க... நான்தான் வெறும் கம்பி தள்ளுறவளாச்சே, எனக்கு என்ன தெரியும்னு மூடிக்கிட்டேன்."

நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

"அவரு கேப்பாருன்னு நெனச்சேன். என்ன, ஒண்ணும் சொல்லலியேன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஆனா நான் சத்தம் போடலன்னா எல்லாம் சீரா இருக்குன்னுதான எங்க வழக்கம்? அவரு துள்ளிக் குதிச்சாரு. இந்த வருஷத்துலயே நல்ல பேரல்னு என் முதுகத் தட்டிட்டு, முனைய சும்மா ஒரு விரல் அகலம் சீவி முடிச்சிட்டாரு. மறுநாள் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள துப்பாக்கியில பொருத்திட்டாரு. அப்புறம் சொன்னா அன்னைக்கே ஏன் சொல்லலன்னு கேப்பாரு. ஒவ்வொரு நாளும் நேத்தவிட கஷ்டமாப் போச்சுக்கா."

"அடிப்பாவி."

"சுட்டுப் பாத்துட்டு அண்ணன்கிட்டதான் வந்து சண்ட போடுவான்னு நெனச்சேன். பேரல் சரியில்லன்னு கத்துவா, அவரு மறுபடி பாக்கச் சொல்லுவாரு, அப்ப தெரியட்டும் என் கை என்னன்னு. அவ்ளோதான் நெனச்சேன். அவ தன்மேலயே பழியப் போட்டுக்குவான்னு எனக்கு எப்படிக்கா தெரியும்?"

ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது எனக்கு. அதே சமயம், அந்த 'அவ்ளோதான்' எத்தனை ஆழத்துக்குப் போயிருக்கிறது என்று பார்த்தபோது பாவமாகவும் இருந்தது. பாவம் பார்க்கிற நேரமா அது? கையைப் பிடித்து எழுப்பினேன். கடையைக்கூடப் பூட்டவில்லை.

வீட்டில் அண்ணன் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். தங்கச்சி மேஜையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள், சாப்பிடுகிற எண்ணம் இல்லாமல். அண்ணி நேராக அவள் முன்னால் போய் நின்றாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக நடுவில் ஆள் இல்லாமல் பேசினாள்.

"உன் கையில தப்பு இல்ல. பேரல் முனையில இளக்கம் இருக்கு. எனக்கு அன்னைக்கே தெரியும்."

வெண்ணெய்க் கத்தி நின்றது. அண்ணன் டம்ளரை வைக்க இடம் தேடினார். மேஜை எதிரேயே இருந்தது.

"என்ன சொன்ன?" என்றார்.

"நான் சத்தம் போடல. நல்லாருக்குன்னு நீங்க நெனச்சிட்டீங்க. கோவத்துல வாய மூடிக்கிட்டேன்."

"கோவமா?" அவர் குரல் ஏறியது. "பேரல் பாக்கறப்பவா? எத்தன வருஷமா உன் வாயப் பாத்து நான் கோடு போடுறேன்! நீ பேசலன்னா அது சுத்தம்னு கண்ண மூடிக்கிட்டு வெட்டுறேன். ஊரான் பேரல்ல எல்லாம் பேசுன. என் தங்கச்சி பேரல்ல..." டம்ளரைச் சுவரில் எறிந்துவிடுவாரோ என்று நான் கையை நீட்டினேன். அவர் அதை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டுப் பட்டறைக்குள் போய் லேத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தங்கச்சி கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் எழுந்து போய்த் துப்பாக்கிப் பெட்டியைக் கொண்டுவந்து பட்டறை மேஜையில் வைத்துப் பூட்டைத் திறந்தாள்.

"தள்ளுங்க" என்றாள்.

அண்ணன் பேரலைக் கழற்றி மேஜையில் கட்டினார். அண்ணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஈயக்கட்டியைக் கம்பியில் வைத்தாள். கண்ணை மூடினாள். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். கம்பி உள்ளே போகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது. பாதி போயிற்று, முக்கால் போயிற்று. அண்ணன் சாக்பீஸோடு கூடவே நடந்தார்.

"இளக்கம்" என்றாள் அண்ணி.

அவர் கோடு போட்டார். முனையிலிருந்து மூன்று விரல் தள்ளி விழுந்தது கோடு. அன்றைக்கு ஒரு விரல் சீவினது போக மீதி. மறுபடி தள்ளச் சொன்னார். அதே இடம். அந்தக் கோட்டை அழித்துவிட்டு மூன்றாவது தடவையும் தள்ளச் சொன்னார். அதே இடம். முனையில் மட்டும் நுழைகிற ஒரு சின்ன அளவுகருவி அவரிடம் உண்டு. அதை விட்டுப் பார்த்தார். இளக்கம் இருப்பதை அது ஒத்துக்கொண்டது. எங்கே ஆரம்பிக்கிறது என்பது அதற்கு எட்டாது. அதற்கு அண்ணியின் கை ஒன்றுதான் சாட்சி.

"வெட்டுனா சரியாயிடும்" என்றார் தங்கச்சியிடம், தரையைப் பார்த்துக்கொண்டு. "ஆனா ஒண்ணு. நீளம் கொறஞ்சா வேகம் கொறையும். கடைசித் தூரத்துல குண்டு கீழ விழும். எவ்ளோ கீழன்னு சுட்டுப் பாத்தாத்தான் தெரியும். மைதானம் மூடியாச்சு. நாளைக்குப் போட்டியில ஒவ்வொரு தூரத்துக்கும் ரெண்டே ரெண்டு சோதன வெடிதான் குடுப்பாங்க. கோடு தப்பா இருந்து வெட்டிட்டா, அவ்வளவுதான், ஒட்டவைக்க முடியாது."

தங்கச்சி அண்ணியைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னாலேயே தாங்க முடியவில்லை.

"இப்பவும் கோவத்துல சொல்லலன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது" என்றாள் அண்ணி.

"தெரியாதுன்னா?"

"நான் சத்தியம் பண்ணா நீ நம்புவியா? நம்ப மாட்ட. நானா இருந்தாலும் நம்ப மாட்டேன். என் கைக்கு அந்த இடத்துல இளகுது. அதுக்குமேல சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல."

லேத் விளக்கின் கீழே ஒரு ஈ சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணன் அதை விரட்டினார். அது மறுபடி வந்தது. தங்கச்சி அந்தச் சாக்பீஸ் கோட்டின் மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள், அங்கே தொட்டால் ஏதோ தெரியும் என்பது போல. வெளியே ஒன்றும் தெரியாது, வழவழவென்று இரும்புதான்.

"வெட்டு அண்ணா" என்றாள்.

போட்டியன்று காற்று குறைவு. கொடிகள் பாதி தூக்கத்தில் இருந்தன. கிட்டத்துக் கோட்டிலும் நடுக்கோட்டிலும் தங்கச்சி ஒரு புள்ளியைக்கூட விடவில்லை. புள்ளிப் பலகையில் பெயர்களை ஏற்றினவர் அவளை மூன்றாவதாக எழுதினார். அண்ணன் பெஞ்சில் உட்காராமல் நடந்துகொண்டே இருந்தார். அண்ணி கயிறு கட்டின வேலிக்குப் பின்னால் கடைசி ஆளாக நின்றாள். கிட்டே வா என்று கூப்பிட்டேன், தலையாட்டி மறுத்துவிட்டாள்.

கடைசிக் கோடு. தங்கச்சி படுத்து, துப்பாக்கி வாரை முழங்கையில் சுற்றி இறுக்கி, கன்னத்தை வைத்தாள். கேப்டன் எனக்குத் தொலைநோக்கியை விட்டுக்கொடுத்தார்.

முதல் சோதனை வெடி. பலகை இறங்கவே இல்லை. குண்டு பலகைக்குக் கீழே மண்ணில் போயிருக்கிறது. அண்ணன் நடப்பதை நிறுத்திவிட்டார். தங்கச்சி குறி பார்க்கிற சைட்டைத் திருகி ஏற்றினாள். எவ்வளவு ஏற்றுவது என்று யாருக்குத் தெரியும்? இரண்டாவது வெடி. பலகை இறங்கி ஏறியது. அடி ஓரத்தில், சட்டத்தை ஒட்டி, வெள்ளை வட்டு.

சோதனை முடிந்தது. இனி எல்லாம் கணக்கு.

மறுபடி ஏற்றினாள். முதல் வெடி நடுவுக்கு நேர் கீழே, வெளி வளையத்தில். இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். இரண்டாவது, உள்வளையத்தின் கீழ் விளிம்பு. மூன்றாவது நடு. நான்காவது, மூன்றாவதின் மேலேயே ஏறி உட்கார்ந்தது. ஐந்தாவது, ஆறாவது. ஒவ்வொரு தடவை பலகை மேலே வரும்போதும் வட்டு ஏறக்குறைய அதே இடத்தில் இருந்தது, கையால் கொண்டுபோய் வைத்த மாதிரி. பக்கத்தில் படுத்திருந்தவர் முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கேப்டன் என்னிடமிருந்து தொலைநோக்கியைப் பிடுங்கிக்கொண்டார். "என்ன செஞ்சாங்க இந்த பேரல? என்ன செஞ்சாங்க?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

கடைசி வெடி வரை நடுவை விட்டு ஒன்றும் வெளியே போகவில்லை. எண்ணிக்கை முடிந்து பெயர் ஏறியபோது தங்கச்சி ஐந்தாவது. நான்காவது ஆளைவிட ஒரே ஒரு புள்ளி குறைவு. கணக்கில் சேர்ந்து கீழே விழுந்த முதல் இரண்டில் ஒன்று கொஞ்சம் மேலே பட்டிருந்தால் போதும்.

கை கொடுக்க வேண்டியவர்களுக்கெல்லாம் தங்கச்சி சிரித்துக் கை கொடுத்தாள். கோட்டைக் கழற்றி என்னிடம் தந்தாள். உள்பக்கம் நனைந்து ஈரமாக இருந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் கூட்டம் இல்லை. அண்ணன் முன் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டார். தங்கச்சி ஜன்னலோரம். அண்ணி எங்கே உட்காருவது என்று தெரியாமல் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலியான சீட்டுகள் எவ்வளவோ இருந்தன. பஸ் வளைவில் திரும்பியது, அவள் தடுமாறினாள்.

"உக்காருங்க" என்றாள் தங்கச்சி, வெளியே பார்த்தபடி.

அண்ணி அவள் பக்கத்தில், சீட்டின் நுனியில் உட்கார்ந்தாள். நான் பின் சீட்டில் மூச்சுக்கூட விடாமல் இருந்தேன். வயல்வெளி போயிற்று. ஒரு கிடங்கு போயிற்று. பேச்சே இல்லை. மறுபடியும் அதுவேதான் என்று எனக்கு மனசு விட்டுப்போயிற்று. இனி இந்த வீட்டில் ஒருத்தி பேச மாட்டாள், மூன்று வருஷமோ, ஆயுசுக்குமோ.

"உன்கிட்ட மன்னிப்பு கேக்கற யோக்யத எனக்கு இல்ல" என்றாள் அண்ணி, தன் கையைப் பார்த்துக்கொண்டு.

"இல்லதான்" என்றாள் தங்கச்சி. "நான் மன்னிக்கவும் போறதில்ல."

அண்ணி தலையாட்டினாள்.

"ஒரு புள்ளி, அண்ணி. ஒரு புள்ளி! நாலு நாளைக்கு முன்னாடி சொல்லியிருந்தா மைதானத்துல சுட்டு சைட்ட சரி பண்ணியிருப்பேன். நாலு நாள் நான் செத்துட்டிருந்தேன். நீங்க பாத்துக்கிட்டே முட்ட அவிச்சீங்க." அவள் குரல் உடைந்தது. பஸ்ஸில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "அதுகூடப் பரவால்ல. அத்தனையும் செஞ்ச உங்க கைய நம்பி நேத்து பேரல வெட்டச் சொன்னேன் பாருங்க. இன்னைக்கு அங்க படுத்தப்ப, முதல் குண்டு மண்ணுல போனப்பகூட எனக்கு சந்தேகம் வரல. அண்ணி சொன்ன எடம் சரியாத்தான் இருக்கும், நான்தான் இன்னும் ஏத்தணும்னு தோணுச்சு. அதான் எனக்கு ஆத்திரம். உங்கள நம்பாம இருக்கக்கூட எனக்கு வரல!"

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"அழாதீங்க. நான் இன்னும் முடிக்கல. வீடு வர்ற வரைக்கும் திட்டுவேன். நாளைக்கும் திட்டுவேன். என்னிக்குத் தீருதோ அன்னிக்குத்தான் நிறுத்துவேன். நீங்களும் சும்மா இருக்கக் கூடாது, பதில் சொல்லணும். என்னா கோவம் உங்களுக்கு? சொல்லுங்க. என்மேல என்னா கோவம்?"

"நீ கம்பி தள்ளுறவன்னு சொன்ன" என்றாள் அண்ணி விக்கிக்கொண்டே. "வந்தவரு முன்னாடி. நான் தண்ணி குடுத்துட்டு நின்னுக்கிட்டிருந்தேன்."

"அத அன்னிக்கே சொல்றதுக்கென்ன? என் மூஞ்சில அந்தத் தண்ணிய ஊத்தறதுக்கென்ன?"

"ஊத்தியிருக்கணும்."

"ஊத்தியிருக்கணும்! சொல்றாங்க பாரு இப்ப!"

முன் சீட்டிலிருந்து அண்ணன் திரும்பினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவரைப் பார்த்து முறைத்ததும் பேசாமல் திரும்பிக்கொண்டார். பஸ் பாலத்தில் ஏறியது. அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே வந்தார்கள். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டியது யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த நான் சொல்லவும் இல்லை.